இடப்பக்கத்து எட்டு

என் மனைவி போட்ட கணக்குகளைச் சரிபார்க்காமலே சரிபார்த்ததாகக் குறித்துவைத்தேன். ஒரு முறை அல்ல, ஏறக்குறைய ஓராண்டுக் காலம், சோம்பல் வந்தபோதெல்லாம் அப்படிச் செய்தேன். அவளுக்குக் கண் மங்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் அந்த வேலையை என்னை நம்பிக் கொடுத்திருந்தாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படிக்கும்போது யாரும் எனக்காகச் சாக்குத் தேட வேண்டாம்.

நாங்கள் இருவருமே கணித ஆசிரியர்கள். நான் கல்லூரியில், அவள் பள்ளியில். ஓய்வுபெற்று வெகுகாலமாகிறது. முத்தியால்பேட்டையில் ஒரு குறுகிய தெருவில் வீடு. அவளுடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அதனால் அவள் சின்ன வகுப்புகளைப் பிரெஞ்சில் படித்தவள். சண்டை, சமையல், சாமி எல்லாம் தமிழில்தான் நடக்கும். வகுத்தல் மட்டும் பிரெஞ்சில். பென்சிலை எடுத்ததும் உதடு தானாக முணுமுணுக்கத் தொடங்கிவிடும். நான் அவளை 'டீச்சரம்மா' என்று கிண்டல் செய்வேன். அவள் என்னைப் பிரெஞ்சு மரியாதையோடு 'மிசியே புரொஃபசர்' என்பாள்.

அவளுக்கு ஒன்று என்ற இலக்கத்தை மட்டுமே அடுக்கி எழுதிய எண்கள்மேல் ஒரு பிரியம். இரண்டு ஒன்றுகள் பதினொன்று. அது பகா எண். மூன்று ஒன்றுகள் மூன்றால் வகுபடும். ஆறு ஒன்றுகளை எழுதினால் பதினொன்றாலும் வகுபடும், நூற்றுப் பதினொன்றாலும் வகுபடும். இப்படி ஒன்றுகளின் எண்ணிக்கை பகு எண்ணாக இருந்தால் அந்த எண்ணும் சுலபமாக உடைந்துபோகும். எண்ணிக்கை பகா எண்ணாக இருக்கும்போதுதான் விளையாட்டு. ஏழு ஒன்றுகள், இருநூற்று முப்பத்தொன்பதை நாலாயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பதால் பெருக்கினால் வரும். பதினொரு ஒன்றுகளை அவள் ஓய்வுபெற்ற ஆண்டின் மழைக்காலத்தில் கையாலேயே உடைத்தாள். இருபத்தோராயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பதில் மீதி பூச்சியம் வந்த அன்று என்னை பேக்கரிக்கு அனுப்பி கேக் வாங்கிவரச் சொன்னாள். பதிமூன்று ஒன்றுகள் ஐம்பத்து மூன்றிலேயே விழுந்துவிட்டன. "தூ, இதுக்கா உக்காந்தேன்" என்று பென்சிலைத் தூக்கிப் போட்டாள்.

அடுத்தது பதினேழு ஒன்றுகள். கோடியைக் கோடியால் பெருக்கி, அதைப்போல நூற்றுப் பதினொரு மடங்கு என்றால் கிட்டத்தட்ட அந்த எண். அது பகா எண்ணா, உடையுமா?

எல்லா எண்ணாலும் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. பதினேழு ஒன்றுகளை வகுக்கும் எந்தப் பகா எண்ணிலும் ஒன்றைக் கழித்தால் மிச்சம் முப்பத்து நான்கின் மடங்காக இருந்தாக வேண்டும். பத்தின் அடுக்குகளை அந்தப் பகா எண்ணால் வகுத்து மீதிகளை எழுதிக்கொண்டே போனால், பதினேழாவது அடுக்கில்தான் முதன்முதலாக மீதி ஒன்று வரும். அந்தப் பதினேழு, பகா எண்ணில் ஒன்று குறைந்ததைச் சரியாக வகுக்கும் என்பது பழைய தேற்றம். அப்படிக் குறைந்தது எப்போதும் இரட்டை எண் என்பதால் முப்பத்து நான்கும் அதை வகுக்கும். இந்த ஒரு குணத்தால் பதினாறு பகா எண்ணில் ஒன்றை மட்டும் சோதித்தால் போதும். நூற்று மூன்று, நூற்று முப்பத்தேழு, இருநூற்று முப்பத்தொன்பது என்று போகும் அந்த வரிசை. ஆனால் அதன் வர்க்கமூலம் வரை, அதாவது பத்துக் கோடியைத் தாண்டும் வரை, எதுவும் வகுக்கவில்லை என்றால்தான் அதைப் பகா எண் என்று சொல்லலாம். அவள் வேகத்தில் அதற்கு நூறு ஆண்டு ஆகும். அது அவளுக்கும் தெரியும்.

"முப்பது லட்சத்துக்குள்ள ஒண்ணு மாட்டும் பாருங்க" என்பாள்.

"மாட்டலன்னா?"

"மாட்டலன்னா என் கண்ணு போற வரைக்கும் தேடினேன்னு இருக்கட்டும்."

கண் போகிறது என்று அப்போதே மருத்துவர் சொல்லியிருந்தார். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் இருப்பது தெரியும். நேராகப் பார்ப்பது தெரியாது. கதவு தெரியும், ஜன்னல் தெரியும், எதிரே இருக்கும் இலக்கம் தெரியாது. கோழி பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துத்தான் தாளைப் பார்ப்பாள். ஊசி போட்டால் கொஞ்ச காலம் தள்ளிப்போகும் என்றார்கள். போட்டுக்கொண்டிருந்தோம்.

கைபேசியில் பதினேழு முறை ஒன்றைத் தட்டினால் நொடியில் விடை வந்துவிடும். அதுவும் அவளுக்குத் தெரியும். தொடங்கிய அன்றே என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். "மிஷினைக் கேக்கக் கூடாது. கேட்டாலும் எங்கிட்ட சொல்லக் கூடாது. சொல்லிட்டீங்கன்னா அப்புறம் எனக்கு மத்தியானத்துல என்ன இருக்கு?"

எங்கள் ஊரில் மத்தியானம் ஒரு மணிக்குக் கடைகளை அடைத்தால் நான்கு மணி வரை தெருவில் நாய்கூட நடக்காது. அந்த நேரம்தான் அவளுடையது. சாப்பிட்ட மேசையைத் துடைத்துவிட்டு உட்காருவாள். தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கம்தான் காகிதம். அக்கம்பக்கத்தார் எல்லாரும் கிழித்ததைச் சேர்த்துவைத்துக் கொடுப்பார்கள். ஒரு தாளுக்கு ஒரு வகுத்தல், நாளுக்குப் பத்துத் தாள். போட்டு முடித்ததை நூலால் கட்டி பிஸ்கட் டின்களில் போடுவாள்.

குருசுக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாவுக்குக்கூட இந்தக் கணக்கு தெரியும். கூடையை இறக்கியதும் கேட்பாள். "என்ன டீச்சரம்மா, அந்த ஒண்ணு இன்னுமா ஒடையல?"

"இல்ல. கெட்டி."

"எங்கூட்டுக்காரரு எப்பேர்ப்பட்ட வல சிக்கினாலும் ஒரு பீடி புடிக்கிற நேரத்துல அவுத்துடுவாரு. அனுப்பட்டா?"

"அனுப்பு. ஆனா அவரு அறுத்துட்டு அவுத்தேன்னு சொல்ற ஆளு."

"அய்ய, உனக்கு யாரு சொன்னது!" என்று சிரித்துக்கொண்டே சங்கராவை முறத்தில் எடுத்துப் போடுவாள்.

இனி என் பங்கு. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள் நம்மைப்போல வகுக்கமாட்டார்கள். வகுக்கும் எண்ணை வலப்பக்கம் எழுதி, அதன் கீழே ஈவை எழுதுவார்கள். ஒவ்வொரு படியிலும் பெருக்கி வரும் தொகையை எழுதுவதில்லை. மனத்திலேயே பெருக்கி, மனத்திலேயே கழித்து, மீதியை மட்டும் எழுதுவார்கள். தாள் சுத்தமாக இருக்கும். தவறு நடந்தால் எங்கே நடந்தது என்று தெரியாது. அதற்குத்தான் கணக்கின் அடியில் ஒரு சிலுவை போடுவார்கள். ஒன்பதால் சோதிக்கும் சிலுவை. மேலே, வகுக்கும் எண்ணின் இலக்கங்களைக் கூட்டி ஒற்றை இலக்கமாக்கி எழுத வேண்டும். கீழே, ஈவுக்கு அதேபோல. இரண்டையும் பெருக்கி, மீதியின் கூட்டலையும் சேர்த்து, அதையும் ஒற்றை இலக்கமாக்கினால் வருவது இடப்பக்கம். வகுபடும் எண்ணின் கூட்டல் வலப்பக்கம். இடமும் வலமும் ஒத்துப்போனால் கணக்கு பெரும்பாலும் சரி. ஒத்துப்போகாவிட்டால் நிச்சயம் தவறு.

அந்தச் சிலுவையை நிரப்புவதுதான் என் வேலை. "நான் போட்டத நானே பாத்தா என் கண்ணுக்கு என் தப்பு தெரியாது. அதுவும் இந்தக் கண்ணுக்கு" என்று சொல்லித் தந்தாள். முதல் இரண்டு ஆண்டும் ஒழுங்காகத்தான் செய்தேன். சில தவறுகளைப் பிடித்தும் கொடுத்தேன். "பரவால்ல மிசியே. நீங்க பேப்பர் திருத்தி பாஸானவனெல்லாம் எங்க உருப்பட்டிருக்கப் போறான்னு நெனச்சேன்" என்பாள்.

அவள் விளையாட்டாகச் சொன்னது உண்மை. விடைத்தாள் திருத்தும் முகாம்களில், மாலைக்குள் கட்டை முடிக்க வேண்டிய அவசரத்தில், கடைசி வரியை மட்டும் பார்த்துச் சரி போட்டுப் பழகிய கை என்னுடையது. மூன்றாம் ஆண்டில் அந்தப் பழக்கம் திரும்பி வந்தது.

பதினேழு ஒன்றுகளைக் கூட்டினால் பதினேழு. ஒன்றும் ஏழும் எட்டு. ஆகவே அவள் எந்த எண்ணால் வகுத்தாலும் வலப்பக்கம் எப்போதும் எட்டுதான். கணக்குச் சரி என்றால் இடப்பக்கமும் எட்டு. மற்ற எண்களில் பொய் சொல்வதற்கும் கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கும். இந்த எண்ணில் அதுகூட வேண்டாம். மேலும் கீழும் மட்டும் கூட்டி எழுதிவிட்டு, இடமும் வலமும் கண்ணை மூடிக்கொண்டு எட்டு, எட்டு. பத்துத் தாளும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு நான் பாயில் சாய்ந்துவிடுவேன். அவள் பென்சில் சத்தத்தில் எனக்கு நல்ல தூக்கம் வரும்.

சோம்பல் மட்டும்தானா என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அது மட்டும் இல்லை. நான் முனைவர் பட்டம் பெற்றவன். என் ஆய்வேட்டை அட்டை கட்டியவரைத் தவிர யாரும் புரட்டியிருக்கமாட்டார்கள். ஓய்வுக்குப் பிறகு எனக்குச் செய்தித்தாளும் மாத்திரையும்தான். அவளுக்கு எழுந்து உட்கார ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்துக்கு நான் எடுபிடி. அது உள்ளூர உறுத்தியது. இதை வெளிப்படையாக நினைத்தேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் போலி எட்டுகளை எழுதும்போது ஒரு சின்ன இன்பம் இருந்தது என்பது நினைவிருக்கிறது.

ஒரு நாள் கண் மருத்துவமனையில் அவளை ஊசி போட உள்ளே அழைத்துப் போனார்கள். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒருவர் கைபேசியில் சத்தமாகச் சினிமா நகைச்சுவை பார்த்துக்கொண்டிருந்தார். நானும் என்னுடையதை எடுத்தேன். ஏன் அன்று செய்தேன் என்று தெரியவில்லை. ஒன்றைப் பதினேழு முறை தட்டினேன்.

இரண்டு எண்கள் வந்தன. சிறியது இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்து எழுநூற்று இருபத்து மூன்று.

அவள் அப்போது இருபத்திரண்டு லட்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள்.

கண்ணில் கட்டோடு அவளை ஆட்டோவில் வீட்டுக்குக் கூட்டிவந்து படுக்கவைத்துவிட்டு, பிஸ்கட் டின்னைத் திறந்தேன். அந்தத் தாளைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அவள் எல்லாவற்றையும் வரிசையாகக் கட்டுபவள். ஈவில் முதல் இரண்டு இலக்கமும் சரி. மூன்றாவது இலக்கம் ஆறும் சரி. அதன் மீதி ஆறு லட்சத்து அறுபத்தேழாயிரத்து ஐந்நூற்று எண்பத்து மூன்று என்று இருக்க வேண்டும். அறுநூற்று எண்பத்து மூன்று என்று இருந்தது. மனத்தில் பெருக்கும்போது கையில் இரண்டு வைத்திருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் வைத்திருக்கிறாள். கண்ணால் வந்த தவறோ, களைப்பால் வந்ததோ. அந்த ஒன்று கீழே இறங்க இறங்கப் பெருத்து, பூச்சியம் வர வேண்டிய கடைசியில் பதினான்கு லட்சத்துச் சொச்சம் மீதியாக நின்றது.

அடியில் என் கையெழுத்தில் சிலுவை. மேலே நான்கு, கீழே ஏழு. இரண்டையும் அன்றுதான் பெருக்கினேன். இருபத்தெட்டு, இரண்டும் எட்டும் பத்து, அது ஒன்று. மீதியின் கூட்டல் எட்டு. எட்டும் ஒன்றும் ஒன்பது. இடப்பக்கம் ஒன்பது வந்திருக்க வேண்டும். நான் எட்டு எழுதியிருந்தேன்.

அந்த நொடியே அவளை எழுப்பிச் சொல்லியிருக்கலாம். கண்ணில் கட்டு இருக்கிறதே என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். கட்டு அவிழ்ந்த பிறகு வேறு காரணம் கிடைத்தது. பொங்கல் வந்தது, போனது. அவள் தொடர்ந்து போட்டுக்கொண்டே இருந்தாள். இலக்கங்கள் பெரிதாகிக்கொண்டே போயின. ஒரு தாளில் அடங்கிய கணக்குக்கு இரண்டு தாள் தேவைப்பட்டது. பத்துக் கணக்கு ஐந்தாகி, மூன்றானது. நான் இப்போது ஒவ்வொரு சிலுவையையும் ஒழுங்காகச் சோதித்தேன். பிழை இருந்தால் காட்டினேன். வீணான கணக்குகளை அவ்வளவு உண்மையாகச் சரிபார்த்தவன் வேறு யாரும் இருக்கமாட்டான்.

மாசி மகம் முடிந்த பிறகு ஒரு நாள் அவள் பென்சிலை வைத்துவிட்டாள். எட்டா மூன்றா என்று தெரியாமல் ஒரே கணக்கை நான்கு முறை போட்டிருந்தாள். அன்று மாலை பிரான்சில் இருக்கும் தன் தங்கையோடு கைபேசியில் பேசினாள். அந்த அம்மாவும் இங்கே படித்தவர்தான். அக்காவின் எண்ணைப் பற்றி வாராவாரம் விசாரிப்பார். நான் கூடத்தில் இருந்தேன். இருவரும் பாதிப் பிரெஞ்சும் பாதித் தமிழுமாகத்தான் பேசுவார்கள்.

"நிறுத்திட்டேன்டி. கண்ணு ஒத்துழைக்கல... ஆமா, இருபத்திமூணு லட்சம் வரைக்கும் சுத்தமா ஒண்ணும் இல்ல. அது பகா எண்ணாத்தான் இருக்கும். எனக்கு அப்படித்தான் தோணுது... இல்லடி, ஒவ்வொண்ணும் அவரு பாத்து சிலுவ போட்டிருக்காரு. அவரு பாத்தா தப்பாது."

அவள் பேசி முடித்ததும் நான் எதிரே போய் உட்கார்ந்தேன்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க மிசியே."

"அது பகா எண் இல்ல."

அவள் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி என்னைப் பார்த்தாள். "மிஷினைப் பாத்துட்டீங்களா?"

"ம். ஆஸ்பத்திரியில."

"கள்ளன்" என்றாள். கோபம் இல்லை. அடுத்த நொடி அவளால் அடக்க முடியவில்லை. "பெருசா? கோடியிலயா இருக்கு? சொல்லாதீங்க... இல்ல, சொல்லுங்க. எவ்ளோ?"

"இருபது லட்சத்துல."

"இருபதா? இருபதத்தான் தாண்டியாச்சே."

எண்ணைச் சொன்னேன். அவள் விரல்கள் மேசைமேல் அசைந்தன. பிறகு கேட்டாள், "அத நான் போட்டிருப்பேனே?"

"போட்ட. ஒரு எடத்துல கையில ரெண்டு வெக்க வேண்டியது, ஒண்ணு வெச்சிட்ட."

"அப்ப சிலுவையில தெரிஞ்சிருக்கணுமே."

அவளே தொடர்ந்து கேட்டாள்.

"எடது பக்கம் என்ன வந்திருக்கணும்?"

"ஒம்போது."

"நீங்க என்ன எழுதினீங்க?"

"எட்டு."

தெருவில் ஒரு இரண்டு சக்கர வண்டி கிளம்பாமல் இருமிக்கொண்டிருந்தது. அது கிளம்பிப் போன பிறகு கேட்டாள்.

"இந்த மாதிரி எத்தன தாளு?"

"தெரியல."

"தெரியலன்னா?"

"ஒரு வருஷத்துல பாதி இருக்கும். எது பாத்தது, எது பாக்காததுன்னு எனக்கே தெரியல."

"அப்ப எதுவுமே பாக்காததுதான்" என்றாள். ஆசிரியை குரல். "சரி, இதுதான் சின்ன வகுஎண்ணுன்னு எப்படிச் சொல்றது?"

"மிஷின் சொல்லுது."

"மிஷினு சொல்லுது. நான் சொல்லலயே."

எழுந்து சுவரைத் தொட்டுக்கொண்டே அறைக்குப் போனாள். வாசலில் நின்று, திரும்பாமலே, "கண்ணு போவுதுன்னுதானே உங்ககிட்ட குடுத்தேன்" என்றாள். அதற்குப் பிறகு இந்த விஷயத்தை அவளாக ஒருபோதும் எடுத்ததில்லை.

என்னால் முடிந்த பரிகாரம் ஒன்றுதான் என்று நினைத்தேன். அந்தத் தாளில் மறுபடி உட்காரலாம், அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். "முடிவு தெரிஞ்ச கணக்க எதுக்குப் போடணும்?" என்றாள். ஆனால் அவள் கேட்ட கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. இதற்குக் கீழே வேறு எதுவும் இல்லை என்று எப்படிச் சொல்வது? அதற்கு இயந்திரம் வேண்டாம். எல்லாத் தாளையும், முதல் தாளிலிருந்து, ஒருவர் உண்மையாகச் சரிபார்த்தால் போதும். அப்போது அந்த முடிவு அவளுடையதாகும்.

தொடங்கினேன். மத்தியானம் கடைகள் அடைத்த பிறகு அவள் உட்கார்ந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். சிலுவையை மட்டும் நம்பவில்லை. ஒவ்வொரு வகுத்தலையும் நம்மூர் முறையில், பெருக்கிய தொகையை எழுதிக் கழித்து, முழுதாகப் போட்டேன். அவள் காதில் விழட்டும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட்டேன். முதலில் அவள் பின்கட்டுக்குப் போய்விடுவாள். பிறகு போகவில்லை. கூடத்திலேயே சாய்வு நாற்காலியில் இருந்தாள். ஆனால் கேட்டாளா என்று தெரியாது. காதருகே வானொலி இருக்கும்.

மீன்காரம்மா ஒரு நாள் என்னை மேசையில் பார்த்துவிட்டு, "என்னாய்யா, இப்ப நீ மாட்டிக்கினியா?" என்றாள். உள்ளே திரும்பி, "டீச்சரம்மா, அந்த ஒண்ணு ஒடஞ்சிச்சா இல்லியா?" என்று குரல் கொடுத்தாள்.

"இன்னிக்கு நெத்திலி இருக்குதா?" என்றுதான் உள்ளேயிருந்து பதில் வந்தது.

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அதன் பிறகு அவளும் கேட்பதில்லை.

வழியில் இன்னும் சில பிழைகள் கண்ணில் பட்டன. எல்லாம் நான் பார்க்காமலே எட்டு எழுதிய தாள்கள். திருத்திப் போட்டேன்; அவற்றிலும் மீதி பூச்சியம் வரவில்லை. அவற்றால் பாதகம் இல்லை. ஒவ்வொன்றையும் அவளிடம் சொன்னேன். "அப்படியா" என்பாள். பெற்றோர் கூட்டத்துக்கு வந்து, பையன் இனி நன்றாகப் படிப்பான் என்று உறுதி சொல்லும் தகப்பன்மாரிடம் அவள் சொல்லும் 'அப்படியா' அது. இதற்கிடையில் அவளுக்கு இடக்கண் முற்றாகப் போயிற்று. வலக்கண்ணில் வெளிச்சம் மட்டும் இருந்தது.

போன கார்த்திகையில் அந்தத் தாளுக்கு வந்து சேர்ந்தேன். அதற்கு முன்னால் இருந்த எல்லாம் முடிந்திருந்தன. கீழே வேறு எதுவும் வகுக்கவில்லை என்று இப்போது ஒரு மனிதன் சொல்லலாம். அன்று மத்தியானம் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"இது ஒண்ணு மட்டும் கூட உக்காரு. எனக்காக."

என்ன நினைத்தாளோ, வானொலியை நிறுத்தினாள். கையைப் பிடித்து மேசைக்கு அழைத்துவந்தேன். எதிரே உட்கார்ந்தாள். விரல்களை மேசைமேல் வைத்துக்கொண்டாள்.

நான் சொல்லிக்கொண்டே போட்டேன். ஐந்து போகும். மூன்று போகும். ஆறு போகும். அவள் தவறிய இடம் வந்தது. ஐந்நூற்று எண்பத்து மூன்று என்று அழுத்திச் சொன்னேன். அவள் விரல்கள் ஒவ்வொரு இலக்கத்துக்கும் இலேசாக அசைந்தன. அவள் மனத்துக்குள் கூடவே போடுகிறாள் என்று தெரிந்தது. வெகுநாளைக்குப் பிறகு எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. மூன்று போகும், இரண்டு போகும், இரண்டு போகும், மறுபடியும் இரண்டு. "மீதி ஏழு லட்சத்து முப்பத்தொம்போதாயிரத்து ஐந்நூத்தி அஞ்சு" என்றேன்.

அவள் விரல்கள் நின்றன.

நான் கவனித்தேன். ஆனால் ஏன் நின்றன என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. இரண்டொரு நொடி அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. மேலே போனேன். கடைசியில் பூச்சியம் வரவில்லை. பத்தொன்பது லட்சத்து எழுபத்தோராயிரத்துச் சொச்சம் மீதி நின்றது.

"எங்கயோ தப்பு பண்ணிட்டேன்" என்றேன். "நீ கவனிச்சியா?"

"சரியாத்தான் இருக்கு" என்றாள்.

"பூச்சியம் வரலயே."

"சரின்னு சொல்றேனே. சிலுவ போட்டு மூடி வைங்க." மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நான் கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுத் தானே தடவிக்கொண்டு நாற்காலிக்குப் போனாள். வானொலியைத் திருகினாள்.

பிறகு தாளைப் பார்த்தபோதுதான் தெரிந்தது: அறுநூற்றைந்து என்று வர வேண்டியதை ஐந்நூற்றைந்து என்று சொல்லியிருக்கிறேன். நூறு பிசகு. ஐம்பது ஆண்டு என் கணக்கில் ஒரு புள்ளி தவறினாலும் பொறுக்காதவள் அவள். அறுநூற்றைந்து அவள் மனத்தில் வந்திருந்தது. அதனால்தான் விரல் நின்றது. அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தே சரி போட்டுக் கொடுத்தாள்.

தனியாக உட்கார்ந்து மறுபடி போட்டேன். கடைசி இலக்கம் ஏழு. ஏழால் பெருக்கியதும் மேலே இருந்ததும் ஒன்றாகவே இருந்தன. மீதி பூச்சியம். போய்ச் சொன்னேன். வானொலியில் ஏதோ பாட்டு. "அப்படியா" என்றாள்.

மேசைக்குத் திரும்பி வந்து அடியில் சிலுவை போட்டேன். மேலே நான்கு. கீழே, ஈவின் இலக்கங்களைக் கூட்டினேன். முப்பத்தெட்டு, பதினொன்று, இரண்டு. நான்கை இரண்டால் பெருக்கினால் எட்டு. மீதி பூச்சியம், சேர்க்க ஒன்றும் இல்லை. இடப்பக்கம் எட்டு என்று எழுதினேன். இந்த முறை கணக்கிட்டுத்தான் எழுதினேன். தாளை நூலில் கட்டி டின்னில் போட்டேன். அவள் இப்போதும் அந்த நேரத்தில் கூடத்தில்தான் இருக்கிறாள். நாட்காட்டித் தாளைக் காலையில் நான்தான் கிழிக்கிறேன். அக்கம்பக்கத்தார் பழக்கத்தில் கொண்டுவந்து கொடுக்கும் தாள்களையும் வாங்கி வைக்கிறேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வருவதில்லை.